அந்தப் பையனுக்குக் காய்ச்சல் இல்லை

ஒன்பதாம் வகுப்புக்கு எந்த மாதம் எந்தப் பாடம் என்று அட்டவணை போடுகிறவர்களுக்கும், ஆங்கில வினாத்தாளுக்கு மதிப்பெண் பிரித்துக் கொடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் இராமநாதபுரம் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியை. பணிக்கு வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகள் போக மற்ற எல்லா ஆண்டும் ஒன்பதாம் வகுப்பு எடுத்திருக்கிறேன். பல முறை தலைமையாசிரியரிடம் நானே கேட்டு வாங்கிக்கொண்ட வகுப்பு அது. பத்தாம் வகுப்புக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள், அதனால் எல்லாரும் அதைக் கவனிக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் என்ன நடக்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. நீங்களாவது விசாரிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2025 ஆகஸ்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜன்னலோரம் கடைசி பெஞ்சில் உட்காரும் பையன் ஒருவன் திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய் காலை விடுப்புக் கடிதத்தோடு வந்து நின்றான். நாலு கோடு நோட்டில் கிழித்த தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் அந்த வாசகம் தெரியும்: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'. அவன் சட்டையில் புகை வாடை அடித்தது. வலது கையில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம்.

"காய்ச்சல் விட்ருச்சாடா?"

"காய்ச்சல் இல்ல டீச்சர்."

"பெறகு ஏன் ஃபீவர்னு எழுதியிருக்க?"

முழித்தான். "லீவு லெட்டர்ல அதான டீச்சர் எழுதணும்?"

"ஃபீவர்னா என்னடா?"

"லீவு டீச்சர்."

வகுப்பில் 41 பேர் இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவன் சொன்னது சரி என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைத்திருந்தார்கள். அந்த அமைதிதான் என்னை உலுக்கிவிட்டது. ஐந்தாம் வகுப்பில் இருந்து அந்த வரியை எழுதி வருகிறான். எழுத்துப்பிழை ஒன்று கிடையாது. தேர்வில் விடுப்புக் கடிதம் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருப்பான், அதைத் திருத்தும் எனக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்காது.

அவன் அப்பா சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். விறகை அடுக்கி, மேலே செத்தையும் ஈர மண்ணும் போட்டு மூடித் தீ வைத்தால், அது நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகைந்து கரியாக வேண்டும். எங்காவது மண் விரிந்து காற்று புகுந்துவிட்டால் விறகெல்லாம் சாம்பல். ராத்திரி முழுக்க ஒருவர் சுற்றி வந்து விரிசலை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிறு ராத்திரி அந்த வேலையை இவன் பார்த்திருக்கிறான். இதை எல்லாம் அவன் எனக்குத் தமிழில் இரண்டே நிமிடத்தில் தெளிவாக விளக்கினான். அவன் அறிவில் ஒரு குறையும் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு ஒரு ஜங்ஷன் மாதிரி. சுற்றுப்பட்டு ஊர்களில் இருக்கும் நடுநிலைப் பள்ளிகள் எட்டாம் வகுப்போடு முடிகின்றன. ஜூன் மாதம் ஆறேழு ஊர்ப் பிள்ளைகள் டி.சி.யைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். எங்கள் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் இருந்து படித்தவர்கள் கொஞ்சம் பேர். ஃபீஸ் கட்ட முடியாமல் தனியார் பள்ளியில் இருந்து வந்தவர்கள் இரண்டு மூன்று பேர். முதல் வாரம் ஊர் ஊராகத்தான் உட்காருவார்கள். ஒரு பிள்ளைக்குப் பத்தி பத்தியாக வாசிக்க வரும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டவே வராது. இருவர் கையிலும் ஒரே புத்தகம்.

சட்டத்தின் கணக்கும் இந்த இடத்தில்தான் மாறுகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைக்கும்தான் பேசுகிறது. எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் பிள்ளைகளை நிறுத்தி வைப்பதில்லை. அது சரியான முடிவு. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டபோது நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருத்தி. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்ட பிறகு, 14 முடிந்தவர்களுக்கு ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் தடை. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்குச் சின்னப் பிள்ளைகளுக்கே விலக்கு இருக்கிறது. ஆக, பள்ளியில் பிடித்து வைத்திருந்த சட்டங்கள் கையை எடுக்கிற வயதில்தான் ஒரு பையன் ஒன்பதாம் வகுப்புக்குள் கால் வைக்கிறான். 'ஃபெயில்' என்ற சொல்லும் அதே வருஷம்தான் அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக வருகிறது. காலாண்டில் ஆங்கிலம் போனால், அரையாண்டிலும் போனால், "நான் அப்பா கூடவே வேலைக்குப் போறேன்" என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. ஆங்கிலத்தால் பள்ளியை விட்டு நின்றவர்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும். கணக்குக்கு அடுத்து எங்கள் பாடம்தான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

2025-26-ல் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்கள் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். நான்காம் வகுப்பு முழுக்க வீட்டில். 2021 நவம்பர் 1-ஆம் தேதி தொடக்க வகுப்புகள் திறந்தபோது ஐந்தாம் வகுப்பில் பாதி முடியப் போகிறது. எழுத்துக் கூட்டி வாசிப்பது வசப்படுகிற வயது அப்படியே போய்விட்டது. 2022-ல் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' வந்தது, நல்ல திட்டம், ஆனால் அது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் என்று ஆரம்பித்தது. இவர்கள் அப்போது ஆறாம் வகுப்பு. மாலையில் வீட்டுப் பக்கத்திலேயே சொல்லிக்கொடுத்த 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர் இருந்த தெருப் பிள்ளைகள் ஓரளவு தப்பித்தார்கள். 2025-ல் ஆறு முதல் ஒன்பது வரை பிள்ளைகளைச் சோதித்து, பின்தங்கியவர்களுக்குத் தனிப் பயிற்சி தரும் 'திறன்' வந்தது. அதன் நோக்கத்தை மனதார வரவேற்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வகுப்பை எட்ட நான்கு வருஷம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே வருஷம். அந்த ஒரு வருஷத்திலும் புத்தகத்தை முடி, பத்தாம் வகுப்புக்குத் தயார் செய் என்றால் நான் எதை விடுவது?

ஆங்கிலம் இவர்களுக்கு ஏன் வரவில்லை என்று கூட்டங்களில் பேசும்போது 'ஆர்வமின்மை' என்று ஒரு சொல் வரும். தயவுசெய்து அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். வேலையே வேறு வகையானது. தமிழில் பானைக்கும் பாம்புக்கும் ஒரே 'ப'தான். 'பாம்பு' என்பதில் முதல் 'பா' ஒரு மாதிரியும் கடைசி 'பு' வேறு மாதிரியும் ஒலிப்பதை நம் காது பார்த்துக்கொள்கிறது, எழுத்து அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு தனி எழுத்து. பூங்காவுக்கு ஆங்கிலத்தில் என்ன, மரப்பட்டைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று இந்த மடலில் எழுதினால் இரண்டுமே 'பார்க்'தான். என் பிள்ளைகள் செய்யும் பிழையும் அதுவேதான். 26 எழுத்தை வைத்துக்கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளை எழுதுகிற மொழி அது. ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு வேறாகப் பேசும். இதை உட்கார வைத்து, ஒலி ஒலியாக, வாய்விட்டுச் சொல்ல வைத்துத்தான் கற்றுத்தர முடியும். கற்றுத்தராவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? கோலம் பார்த்துக் கோலம் போடுவது மாதிரி, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து அழகாக வரையும். என் வகுப்பில் மிக அழகான கையெழுத்து உள்ள ஒரு பெண்ணுக்குத் தான் எழுதிய வரியை வாசிக்க வராது. எட்டு வருஷம் அவளுக்கு எல்லா ஆசிரியர்களும் 'குட்' போட்டிருக்கிறார்கள். நானும் ஜூன் மாதம் போட்டேன்.

அந்தக் 'காய்ச்சல்' கடிதத்துக்குப் பிறகு நான் பாடத்தை நிறுத்தினேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆகஸ்டு கடைசி மூன்று வாரம் புத்தகத்தைத் திறக்கவில்லை. முதலில் ஒவ்வொருவரையும் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு நான்காம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். மற்றவர் காதில் விழாத தூரம். 14 வயதுப் பிள்ளைக்கு மானம் பெரிது. அதை உடைத்துவிட்டால் பிறகு எந்தப் பாடமும் ஏறாது. பிறகு வீட்டில் ஆங்கிலம் எழுதிய எது இருந்தாலும் எடுத்துவரச் சொன்னேன். சிமெண்ட் சாக்குத் துண்டு வந்தது. பாமாயில் கவர் வந்தது. உரப்பை, பிஸ்கட் உறை, பழைய செல்போன் டப்பா, பைக் இன்சூரன்ஸ் தாள் எல்லாம் வந்தன. தினமும் முதல் பத்து நிமிடம் இவைதான் பாடம். ஒருத்தி பாட்டியின் சர்க்கரை மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து, 'மெட்ஃபார்மின்' என்பதை நான்கு துண்டாகப் பிரித்து வாசித்தாள். மறுநாள் ஓடிவந்தாள். வீட்டில் இருந்த மருந்து எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு வாசித்திருக்கிறாள். அதில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக்குத் தேதி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. "நாந்தான் டீச்சர் தூக்கிப் போட்டேன்" என்றாள். இந்தப் பதினாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பரில் கவிதைக்கு வந்தோம். 2018-ல் வந்த ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில், ஒரு மரத்தைக் கொல்வது எப்படி என்று சொல்லிச் செல்லும் கவிதை இருக்கிறது. கத்தியால் குத்தினால் மரம் சாகாது, பட்டையில் பட்ட காயம் ஆறிவிடும், தரையை ஒட்டி மறுபடியும் துளிர் வரும், ஆகையால் வேரைப் பிடுங்கி வெளியே எடுத்து வெயிலில் வாடவிட வேண்டும் என்று போகும். ஒவ்வோர் ஆண்டும் 'மரங்களைக் காப்போம்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, கேள்வி பதில் கொடுத்து, நான்கு பீரியடில் முடித்துவிடுவேன்.

இந்த முறை வரி வரியாகப் பிள்ளைகளையே வாசிக்க விட்டேன். துளிர் வரும் இடத்துக்கு வந்தபோது ஜன்னலோரத்துப் பையன் கை தூக்கினான். அவன் வகுப்பில் கை தூக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இது கருவேலந்தான டீச்சர்? மேல வெட்டுனா ஒன்னு வெட்டுன எடத்துல நாலு தழையும். தூரோட எடுக்கணும்."

"அதைத்தான் இவரும் சொல்றாரு பாரு, ரூட்."

"ரூட்னா வேரு டீச்சர். தூரு வேற, வேரு வேற."

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. தூரும் வேரும் ஒன்றா இல்லையா என்று கால் மணி நேரம் சண்டை. வெட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு அது அற்பமான விஷயம் இல்லை. எங்கே கோடாரி விழ வேண்டும் என்பது அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. நூலக பீரோவில் இருந்து அகராதியை எடுத்துவரச் சொல்லி அவர்களே கேட்டார்கள். 'ஸ்டம்ப்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தார்கள். கிரிக்கெட்டில் நடுகிற ஸ்டம்பும் அதுதான் என்று தெரிந்ததும் வந்த ஆரவாரத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அது தூரின் மேல்பாகம்தான், மண்ணுக்குள் இருக்கிற தூருக்குச் சரியான சொல் இன்னும் வரவில்லை என்று கரிமூட்டக்காரர் மகன் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் சொன்னது சரி. நானும் தேடிப் பார்த்தேன்.

மறுநாள் விவாதம் வேறு பக்கம் திரும்பியது. கவிதை எழுதியவர் மரத்துக்காக வருத்தப்படுகிறார் என்று சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "இந்த மரத்துக்கெல்லாம் பாவம் பாக்கக் கூடாது டீச்சர், எங்க ஊர்க் கம்மா பூரா இதான் கெடக்கு" என்றாள். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டதை அவள் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறாள். "அது இல்லாட்டி எங்க அப்பாவுக்கு வேல ஏது?" என்று இவன். தமிழில் ஆரம்பித்துத் தெரிந்த ஆங்கிலச் சொற்களைச் செருகிச் செருகிப் பேசினார்கள். 'ட்ரீ நோ குட்.' 'ட்ரீ மை ஃபுட்.' இந்த இரண்டு வரியையும் கரும்பலகையில் எழுதி, இரண்டையும் முழு வாக்கியமாக்குங்கள் என்றேன். ஒரு பீரியட் முழுக்கப் போனது. என் கல்லூரியில் ஒரு கவிதையை வைத்து இப்படி ஒரு வாதம் நடந்து நான் கேட்டதில்லை.

அந்த ஒரு கவிதைக்கு இரண்டு வாரம் ஆனது. அடுத்து நடந்த மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொன்னார்கள். போர்ஷன் ஏன் பின்னால் இருக்கிறது என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அது பற்றி எனக்கு வருத்தமில்லை, கேட்டவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கும். வருத்தமெல்லாம் அந்தக் கூட்டத்தில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட மெட்டீரியலைப் பற்றித்தான். மெல்லக் கற்போருக்கானது என்று தலைப்பு. உள்ளே 'ஜெனரல் பாராகிராஃப்'. எல்லா உரைநடைப் பாடத்துக்கும் ஒரே பத்தி. தலைப்பையும் எழுதியவர் பெயரையும் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இது மிகவும் சுவையான பாடம், இதில் வருகிறவர்கள் நம் மனதைக் கவர்கிறார்கள், இதன் கருத்து நம் வாழ்க்கைக்கு உதவும் என்று ஐந்தாறு வரி. இப்போதெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிட்டால் பத்தில் சுலபம் என்று சொன்னார்கள்.

நான் அதைக் கொடுக்காதவள் இல்லை. ஏழெட்டு ஆண்டுகள் எழுதிப்போட்டு உருப்போட வைத்திருக்கிறேன். அப்படி 35 வாங்கித் தேறிய ஒருவனைச் சில ஆண்டுகளுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்ததால் இரண்டாவது செமஸ்டரோடு நின்றுவிட்டான். "நீங்க குடுத்த பாராவ இன்னும் மறக்கல டீச்சர்" என்று சொல்லி, கூட்டத்துக்கு நடுவில் நின்று, அந்தப் பத்தியை முதலில் இருந்து கடைசி வரை ஒப்பித்தான். அன்போடுதான் ஒப்பித்தான். அன்றைக்குப் பஸ்ஸில் வீடு வரை என்னால் தலை நிமிர முடியவில்லை. அந்த ஆண்டோடு நிறுத்தியவள், இனியும் கொடுக்க மாட்டேன்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பின் முதல் மூன்று மாதத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள். ஜூனில் இருந்து காலாண்டுத் தேர்வு வரைக்கும் ஆங்கிலத்துக்குப் பாட அட்டவணை வேண்டாம். வாசிக்க வைப்பது ஒன்றுதான் வேலை என்று எழுத்துபூர்வமாக உத்தரவு போடுங்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் பள்ளி நூலகத்துப் புத்தகங்களை வாசிக்கட்டும், வாசிக்க வராதவர்களுக்கு அவர்களே துணையாக உட்காரட்டும். என் வகுப்பில் அப்படித்தான் நடந்தது, ஒருவருக்கும் நேரம் வீணாகவில்லை. புத்தகத்தில் இரண்டு அலகைக் குறைத்தால் இதற்கு இடம் கிடைத்துவிடும். காலாண்டுத் தேர்வை அந்த ஒரு பாடத்துக்கு வாய்மொழியாக வைக்கலாம். வாசிப்பு விவரத்தை எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், ஏற்றச் சொன்னால் மாதம் ஒரு முறை போதும். தினமும் ஏற்றச் சொன்னால் பிள்ளை வாசிக்கும் நேரத்தில் நான் செல்போனைப் பார்த்துக்கொண்டு சிக்னல் தேடிக்கொண்டிருப்பேன்.

அடுத்தது பத்தாம் வகுப்புத் தாள். அறிவியலுக்கு 75 எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. ஆங்கிலத்துக்கு 100-ம் எழுத்துத் தேர்வு. ஒரு மொழிக்கு வாயும் காதும்தானே ஆய்வுக்கூடம்? 20 மதிப்பெண்ணை எடுத்து, முன்பின் பார்க்காத ஒரு பத்தியை வாசிக்கவும் அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசவும் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் ஆசிரியர்கள் எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள் என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. செய்முறைத் தேர்வுக்கு வருவது போல வேறு பள்ளி ஆசிரியர் வரட்டும். பத்தியை அன்று காலையில் அனுப்புங்கள். குரலைப் பதிவு செய்து வையுங்கள், சந்தேகம் வந்தால் கேட்டுப் பாருங்கள். தேர்வில் இருப்பதைத்தான் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கிறது. 20 மதிப்பெண் என்று வந்துவிட்டால் அடுத்த ஜூனில் எல்லா வகுப்பிலும் பிள்ளைகளின் சத்தம் கேட்கும்.

இன்னொன்று கடிதம். இதற்குத்தான் அந்தப் பையனிடம் திரும்பப் போகிறேன்.

ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவன் வரவில்லை. ஆறாம் வகுப்பில் படிக்கும் அவன் தங்கை ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதே நாலு கோடு நோட்டுத் தாள். இந்த முறை கையெழுத்து அவ்வளவு அழகாக இல்லை, இரண்டு இடத்தில் அடித்தல் திருத்தல். அதில் இப்படி இருந்தது:

'டீச்சர், ஐ நோ ஃபீவர். மை ஃபாதர் லெக் பர்ன். ஐ ஸீ தி ஃபயர் நைட். டூ டே ஐ நாட் கம். வெட்னஸ்டே கம். டோன்ட் ஃபினிஷ் லெசன்.'

பாடத்தை முடித்துவிடாதீர்கள் என்று ஒரு பிள்ளை எனக்கு எழுதி நான் வாசித்ததில்லை. ஆசிரியர் அறைக்குப் போய் மறுபடி வாசித்தேன். இதில் ஒரு வாக்கியத்துக்கும் இலக்கணம் சரியில்லை. ஆனால் அவன் அப்பாவுக்கு என்ன ஆனது, அவன் எங்கே இருக்கிறான், எப்போது வருவான், என்னிடம் என்ன வேண்டும் என்று எல்லாம் எனக்குப் புரிந்தது. எழுதியவன் நேரில் வராமலே புரிந்தது. அனுப்புநர் முகவரி இல்லை, தேதி இல்லை, பொருள் இல்லை, ஒப்பம்கூட இல்லை. இப்போதுள்ள மதிப்பெண் முறைப்படி திருத்தினால் இதற்கு 5-க்கு ஒன்று போடலாம். ஆகஸ்டில் அவன் கொண்டுவந்த கடிதத்துக்கு ஐந்தும் போட வேண்டும்.

புதன்கிழமை வரைக்கும் அந்தப் பாடத்தை நான் முடிக்கவில்லை. புதன் காலை வந்தான். அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே வெந்திருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றான். அவன் கடிதத்தை எடுத்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆறு வாக்கியத்தையும் சரி செய்தோம். 'ஸீ' என்பதை 'வாட்ச்' என்று மாற்றலாம் என்றேன். 'வாட்ச்' என்றால் கடிகாரம் அல்லவா என்று கேட்டான். காவல் இருப்பதற்கும் அதே சொல்தான் என்று சொன்னதும், "வாட்ச்மேன்ல வர்றதா டீச்சர்?" என்று அவனே பிடித்துக்கொண்டான்.

வினாத்தாளில் ஒரு கேள்வி, ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி, எந்த கைடிலும் பதில் இருக்க முடியாததாக வையுங்கள். நேற்று மாலை உன் வீட்டில் யார் என்ன வேலை செய்தார்கள், உன் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நீ கடைசியாக யாருக்காவது உதவியது எப்போது என்று கேளுங்கள். சொன்னது புரிந்தால் மூன்று மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் அச்சடியுங்கள். எழுத்துப்பிழைக்கும் இலக்கணத்துக்கும் மீதி இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். இதைத் திருத்த நேரம் ஆகும் என்று ஆசிரியர்களே முணுமுணுக்கலாம். விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரே பத்தியை நூறு முறை வாசித்துத் தலை கனத்துப் போன எவரும், அதில் ஒரு பிள்ளை தன் வீட்டைப் பற்றி எழுதியிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பார். நான் வாசிப்பேன்.

அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 38 எடுத்தான். கரிமூட்டத்துக்கு இன்னும் சனி, ஞாயிறு போகிறான். அப்பாவால் முன்போல் நிற்க முடியவில்லை. ஆனாலும் பள்ளியை விடவில்லை. இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான், அவனுக்கு நான்தான் ஆங்கிலம். ஜூன் முதல் வாரத்தில் வந்து, "டீச்சர், இந்த வருசம் லெட்டர்ல உண்மைய எழுதலாமா, இல்ல புத்தகத்துல உள்ளதத்தான் எழுதணுமா?" என்று கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டதாரி ஆசிரியை (ஆங்கிலம்),
அரசு மேல்நிலைப் பள்ளி,
இராமநாதபுரம் மாவட்டம்.